கால் பார்த்து வாசிப்பவள்

கல்யாணங்களில் வயலின் வாசிப்பது என் தொழில். ஆனால் நடந்து வரும் மணப்பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வேலை அப்படி. பெண் மண்டபத்தின் பின்வாசலில் நுழைந்து மேடைக்கு நடக்கும்போது நாங்கள் அவள் கால்களை மட்டும்தான் பார்ப்போம். ஒருத்தி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடி வருவாள். இன்னொருத்தி புடவை தடுக்கிப் பாதி வழியில் நின்றுவிடுவாள். வேகமாக வந்தால் பாட்டைச் சுருக்க வேண்டும். தயங்கினால் கடைசி வரிக்குப் போகாமல் நடுப்பகுதியையே சுற்றிச் சுற்றி வர வேண்டும். கால் மேடையைத் தொடும்போதுதான் பாட்டு முடிய வேண்டும். முகத்தைப் பார்த்தால் மனசு இளகும், மனசு இளகினால் கை நழுவும். அதனால் முகம் கூடாது.

இதெல்லாம் என் குடும்பத்துக்குத் தெரியுமா? தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டிலேயே ஒரு வயலின் இருக்கிறது.

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அம்மா, மாமா, மாமி, தங்கை, நான். அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை மாமாவுடையது. முதல் வார்த்தையும் அவருடையதுதான். நடுவில் கிடைக்கிற இடுக்கில்தான் நாங்கள் பேச வேண்டும்.

"பாட்டு விஷயம் முழுக்க உன் பொறுப்பும்மா" என்றார் மாமா. "மேடைக்கு நடந்து வர்றதுக்குக் கொஞ்சம் உருக்கமா இருக்கணும். அழுகையா இருக்கக் கூடாது, ஆனா கண்ணு கலங்கணும். சாயந்தரம் வரவேற்புல, பெரியவங்க உக்காந்து பேசற மாதிரி மெதுவா இருக்கணும். சின்னதுங்க ஆடற மாதிரி வேகமாவும் இருக்கணும்."

"ரெண்டும் ஒரே நேரத்துலயா மாமா?"

"அதெல்லாம் நீதானே பாத்துக்கணும்! எதுக்கு இத்தனை வருஷமா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் திரியற?"

மாமி சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சரி, தங்கை கல்யாணம். பொறுத்துப் போவோம் என்று, யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வரவேற்புக்கு முதலில் கீபோர்டும் கிதாரும், சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் பதிவுப் பாட்டுகளைப் போடுவார், அப்போது ஆடுகிறவர்கள் ஆடலாம். பெண் நடந்து வருவதற்கு என்னோடு எப்போதும் வாசிக்கும் ஒட்டடைக்குச்சி கீபோர்டில் தனியாக வாசிப்பான். ஆள் அந்தப் பெயருக்கு ஏற்ற உயரம், அதே பருமன், ஆனால் விரல்கள் தங்கம்.

"நீ?" என்றாள் அம்மா.

"நான் இவகூட நடந்து வரேன்மா. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான்."

இது புதிதாக முளைத்த ஆசை இல்லை. அப்பா இறந்த வருஷம், இவள் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த வயசில், இவளே சொன்னது. 'என் கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் நீ.' நிச்சயமான அன்றும் காதைக் கடித்து அதையேதான் சொன்னாள். நான் அதற்கென்று புடவைகூட எடுத்துவிட்டேன். ஊரில் இருக்கிற பெண்களையெல்லாம் வாசித்து நடக்க வைத்தவள், என் வீட்டுப் பெண்ணோடு ஒரே ஒரு தடவை நானும் நடக்கக் கூடாதா?

"வயலின் இல்லாம மொட்டையா இருக்குமேம்மா" என்றார் மாமா.

"என் தோழி ஒருத்தி வாசிப்பா. என்னைவிட நல்லாவே வாசிப்பா."

"வீட்டுல ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்றாள் அம்மா. "நாலு பேர் கேப்பாங்கல்ல? அக்காவே வாசிக்கலன்னா என்ன சண்டையோன்னு நினைப்பாங்க."

"அந்தப் பக்கத்துக்கு எங்க பொண்ணு நடந்து வருவா" என்றாள் மாமி, காய்கறிக்கடையில் பை மாற்றுகிற மாதிரி சுலபமாக. "போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. மாமா பெண்! என் தங்கை என்ன படிக்கிறாள் என்றுகூட ஒழுங்காகத் தெரியாதவள்! ஆனால் நான் மாமியைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தேன்.

"நீ சொல்லுடி. உன் கல்யாணம்தானே? யார் வரணும்?"

அவள் சோபாவின் கைப்பிடியில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள், ஒரு தடவை மாமாவைப் பார்த்தாள்.

"அம்மா சொல்ற மாதிரியே இருக்கட்டுங்கா" என்றாள்.

அவ்வளவுதான். சபையில் என்னைக் கைகழுவிவிட்டாள். மாமா சொன்னதில் எனக்குக் கோபம். மாமி சொன்னதில் எரிச்சல். இவள் சொன்னதில் வலித்தது, அந்த வலியும் கொஞ்ச நேரத்தில் கோபமாகவே ஆகிவிட்டது. எனக்கு வேறு எதுவும் வராது.

"சரி. வாசிக்கறேன். எல்லாரும் வாயைப் பொளக்கற மாதிரி வாசிக்கறேன்" என்று எழுந்து போனேன்.

அதற்குப்பிறகு அவளோடு நான் வேலைப் பேச்சைத் தவிர எதுவும் பேசவில்லை. அவள் டீ கொண்டுவந்து வைப்பாள், ஆறிப்போகும். புடவைக்கு எந்தச் செருப்பு போடட்டும் என்று கேட்பாள், உங்க மாமா பொண்ணைக் கேளு என்பேன். ஊமை மாதிரி நின்றுவிட்டுப் போவாள். அந்த ஊமைத்தனம்தான் எரிகிற என் நெருப்பில் எண்ணெய். திட்டினால் திருப்பித் திட்ட வேண்டாமா ஒருத்தி?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில் ஒத்திகை. மின்விசிறிக் காற்றில் ஸ்வரம் எழுதிய தாள்கள் பறக்காமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப்பால் அவற்றைத் தாங்கியில் கவ்வ வைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டடைக்குச்சி பிளக் பாயிண்ட் தேடி மேடைக்கு அடியில் குனிந்திருந்தான். தங்கை வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீ காலைல வாசிச்சுப் பழகுவியே, அந்த மெட்டைத்தானே வாசிக்கப் போற?"

"அதேதான்."

"நான் மெதுவா நடந்தா?"

"திரும்பச் சுத்துவேன்."

"ரொம்ப மெதுவா நடந்தா?"

"உன் கால் மேடைக்கு வந்து சேர்ற வரைக்கும் பாட்டை முடிக்க மாட்டேன். போதுமா? விடிய விடிய ஆனாலும் சுத்துவேன். அதான் எங்க தொழில். நாங்க யாரையும் பாதியில விட்டுட்டுப் போறதில்ல."

அந்தக் கடைசி வரியை ஊசி குத்துகிற மாதிரிதான் சொன்னேன். அவளுக்கு உறைக்கவே இல்லை போலிருந்தது. "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று ஒட்டடைக்குச்சியிடம் பொருமினேன். அவன் கீபோர்டின் ஒயரை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. மாமா வாசலுக்கும் மேடைக்கும் அலைந்து, ஒழுங்காக இருந்த நாற்காலிகளையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் எடுத்த புடவையைத்தான் கட்டியிருந்தேன். வீணாய்ப் போகட்டும் என்று விட என்னால் முடியவில்லை. பின்வாசல் திறந்தது. வயலின் மேல் வில்லை வைத்தேன்.

மூன்று ஜோடிக் கால்கள். அம்மாவின் வெடித்த குதிகால் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் மாமா பெண்ணின் உயரமான செருப்பு டக்டக்கென்று வந்தது. நடுவில் என் தங்கையின் கால். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், சின்ன வயசில் அதைப் பிடித்து இழுத்து அவளை அழ வைப்பேன். சே, வாசி என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

நல்ல நடை. நிதானம். இந்த வேகத்தில் வந்தால் சரியாகக் கடைசி வரியில் மேடை. பாதி வழி வந்திருப்பாள்.

கால் நின்றது.

புடவை தடுக்கியிருக்கும் என்று நடுப்பகுதிக்குத் திரும்பினேன். ஒட்டடைக்குச்சி தானாகவே கூட வந்தான். ஒரு சுற்று முடிந்தது. கால் நகரவில்லை. செருப்பு வார் அறுந்துவிட்டதா? இல்லை, இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னொரு சுற்று. மாமா பெண்ணின் செருப்பு இரண்டு அடி முன்னால் போய், ஆளில்லாததைப் பார்த்துத் திரும்பி வந்தது. மாமாவின் கறுப்பு ஷூ ஓடி வந்தது. கூட்டம் சலசலக்க ஆரம்பித்தது. நட, கழுதை, நட! இங்கேயுமா உன் மந்தம்? எனக்குக் கை வலித்தது, தாடை வலித்தது, மூன்றாவது தடவையும் அதே இடத்தைச் சுற்றினேன்.

அந்த இடது கால் சுண்டுவிரல் மட்டும் அசைந்தது. தாளத்துக்குச் சரியாகத் தரையைத் தட்டியது. அவள் பயந்துபோய் நிற்கவில்லை. சாவகாசமாக நின்றுகொண்டிருந்தாள்.

நான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

அவள் மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தடவை வேணா சுத்துக்கா" என்றாள், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி. "நீ வராம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று மாமா பல்லிடுக்கில் சிரித்துக்கொண்டே கெஞ்சினார்.

"பாக்கட்டும் மாமா."

மாமா வாயைத் திறந்தார். அவருக்குக் கடைசி வார்த்தையும் கிடைக்கவில்லை, முதல் வார்த்தையும் கிடைக்கவில்லை. அம்மா, மாமா பெண்ணின் முழங்கையைத் தொட்டு மெல்ல ஓரமாக நகர்த்தினாள். மேடையில் மாப்பிள்ளை முகத்தில் ஆச்சரியமே இல்லை. திருட்டுப் பயல், அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றான் ஒட்டடைக்குச்சி. அவன் விரல்கள் நிற்கவே இல்லை. வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு நான் நடந்தேன். பின்னால் கீபோர்டு தனியாக ஒலித்தது. மொட்டையாக ஒன்றும் இல்லை, அழகாகவே இருந்தது.

பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் நெருப்பு.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னடி? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? எத்தனை நாள் என்னைக் கொன்னுட்ட!"

"அன்னிக்குச் சொல்லியிருந்தா அம்மா அழுவாங்க, மாமா பேசியே என்னை மாத்தியிருப்பாரு. நான் மாறிடுவேன்னு உனக்கே தெரியும்." அவள் குரல் இப்போதுதான் நடுங்கியது. "இங்க யாராலயும் பேச முடியாதுல்ல. அதான்."

நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். ஒட்டடைக்குச்சி எங்கள் கால்களைப் பார்த்து வாசித்தான். நான் முதல் தடவையாக முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"கோவம் போச்சாக்கா?"

"போகல."

"கையை இப்படி நசுக்கறியே, வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றேன், விடாமல்.