நூறு கூடை வண்டல்

துரை வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் படகு தரை தட்டியது.

வாரத்துக்கு ஒருமுறை படகைத் துடைத்து வைப்பது சென்றாயனின் வேலை. அன்றைக்கு அவன் காலை வைத்து ஏறினான், படகு ஆடவில்லை. கொட்டகையில் படுத்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. துடுப்பை விட்டுப் பார்த்தான். முழங்கால் அளவுக்குத் தண்ணீர், அதற்குக் கீழே குழகுழவென்று சேறு. மூன்று மழைக்காலத்து வண்டல் வந்து படகுத்துறையைத் தூர்த்து விட்டிருந்தது.

அரியூர் நாட்டு ஏரி அது. அக்கரையில் துரை ஒரு பங்களா கட்டியிருந்தார். நீளவாக்கில் கிடந்த ஏரியைச் சுற்றி நடந்தால் அரை மைல்தான். ஆனால் வைகாசியில் கீழ்நாட்டு வெயிலுக்குப் பயந்து மலையேறி வருகிற துரை அந்த அரை மைலை நடக்க மாட்டார், படகில்தான் போவார். அதற்காக ஒரு படகு, அதைக் காக்க ஒரு படகுக்காவல், அந்தக் காவலுக்கு மார்பில் ஒரு பித்தளைப் பில்லை.

சென்றாயனுக்குப் படகு விடத் தெரியாது, நீச்சலும் தெரியாது. துரையே துடுப்புப் போட்டுக்கொள்வார். பில்லை போட்டவன் டோலி தூக்க வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்ததே, அதற்காகத்தான் அவன் இந்த வேலையைக் கெஞ்சி வாங்கினான். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் துரைமாரை டோலியில் வைத்து மலையேற்றியவன். வலது தோளில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி இன்னும் இருக்கிறது. படகு மிதக்காவிட்டால் பில்லை போகும். பில்லை போனால் மறுபடி டோலிக் கம்பு.

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் போய் நின்றான். நாலு ஆள் வந்தால் துறையை வாரிவிடலாம் என்றான். துரை படகில் போனால் என்ன, உருண்டு போனால் என்ன, ஊருக்கு இப்போது சாமைக்காட்டு உழவு இருக்கிறது என்று சொல்லிவிட்டார் கவுண்டர். வேறு எட்டு வீடு ஏறி இறங்கினான். எட்டு வீட்டிலும் களி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

அவன் பெண்டாட்டி மாதம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே அவரைக்காய் உரித்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போனாள். ஊற்றுக்கரையில் நாலு பொம்பளைகள் இருந்தார்கள். துரை பங்களாவில் ரோஜாத் தோட்டம் போடப் போகிறாராம், ஏரி வண்டல் மொத்தத்தையும் அதற்குத்தான் அள்ளப் போகிறாராம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

பொழுது சாயுமுன் பாவாயி வந்து நின்றாள். பாவாயியின் வாய்க்கு ஊரே கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும்.

"ஏன் சென்றாயண்ணா, மழைக்கு அடிச்சுக்கிட்டுப் போனது எங்க காட்டு மண்ணு. அது அவரு பூச்செடிக்கா?"

விடிந்ததும் ஊரின் இருபது குடும்பமும் கூடையோடு ஏரியில் நின்றது. கவுண்டரும் நின்றார். உழவைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஊரில் எதையும் சமமாகப் பிரித்தாக வேண்டும். பொது வேட்டையில் முயல் விழுந்தால்கூடக் காதிலிருந்து பங்கு போடுவார்கள். கவுண்டர் முழக்கோலால் துறையை அளந்து இருபது பாத்தியாக்கி முளைக்குச்சி நட்டார். பாத்திக்கு நூறு கூடை. ஒரு கூடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூன்று நாளில் சேறு ஏறத்தாழ ஒழிந்தது. படகு லேசாக ஆடியது. சென்றாயன் கரையில் நின்று, தானே ஆடுவது போலச் சிரித்தான்.

பாவாயியின் பாத்தி மட்டும் மேட்டுப்பக்கம் விழுந்திருந்தது. அங்கே முப்பது கூடையோடு வண்டல் தீர்ந்து மஞ்சள் களிமண் வந்துவிட்டது. போதும் ஆத்தா, கரையேறு என்றார் கவுண்டர்.

"அல்லாருக்கும் நூறு, எனக்கு முப்பதுங்களா? எங்கூட்டு ராகி மட்டும் முப்பது கூடைக்கு வளந்துக்குமுங்களா?"

கவுண்டர் விலகி வழிவிட்டார். நியாயம் நியாயம்தானே. பாவாயி களிமண்ணை வெட்டி அள்ளினாள். எண்பத்தேழாவது கூடையில் சரளைக்கல் வந்தது. தண்ணீர் அந்த இடத்தில் லேசாகச் சுழித்தது. அதைப் பார்த்தவர்கள் மீன் என்று நினைத்தார்கள். அவள் நூறை முடித்துவிட்டுத்தான் கரையேறினாள்.

மறுநாள் காலையில் ஏரியில் தண்ணீர் இல்லை. மேல்பக்கம் ஒரு குட்டை நிறைய எருமைகள் நின்றன. துறையில் ஆளுயரப் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படகு. ஏரிக்கு அடியில் படிந்திருந்த களிமண் தட்டுதான் இத்தனை காலம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஓட்டையில் களிமண்ணைப் போட்டு மிதித்து அடைத்தார்கள். போன தண்ணீரை யார் கூப்பிடுவது?

மாதம்மாள் வந்து பார்த்தாள். "ஆழமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள் புருஷனிடம்.

குறித்த நாளில் துரை வந்தார். எட்டுப் பேர் டோலியைத் துறையில் இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள். துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏரியைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கூட வந்த குமாஸ்தா ரைட்டரைப் பார்த்தார். சேந்தமங்கலத்து ரைட்டர் சென்றாயனைப் பார்த்தார்.

"பில்லையக் கழட்டு."

சென்றாயனின் கை மார்புக்குப் போனது; அங்கேயே நின்றுவிட்டது. "படகு போவுமுங்க. துரைய ஏறச் சொல்லுங்க," என்றான். சொன்ன பிறகுதான் எப்படிப் போகும் என்று யோசித்தான். டோலிக்காரர்களைக் கும்பிட்டான். கீழே கம்பு கொடுத்துத் தூக்கினால் நூறே எட்டில் அக்கரை, உள்ளே துரைக்கு ஆட்டமே தெரியாது என்றான்.

டோலிக்காரர்களின் மூப்பன் சின்னுசாமி படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான். பலாமரம். எட்டுப் பேர் போதாது, ஒன்பதாவது ஆளாக நீயும் தோள் கொடு என்றான். பில்லை போட்டவன் டோலி தூக்க வேண்டியதில்லை என்பது வழக்கம் அல்லவா என்று சென்றாயன் முனகினான்.

"அது டோலிக்கு, சாமி. இது படகு," என்றான் சின்னுசாமி.

துரை ஏறி உட்கார்ந்தார். ஒன்பது பேரும் 'ஏலேலோ' சொல்லி எழுந்தார்கள். சேற்றில் முழங்கால் வரை புதைந்து புதைந்து படகு அக்கரைக்குப் போனது. கரை முழுக்க ஊர் நின்று பார்த்தது. பாவாயி மட்டும், முன்பக்கம் சாயுது பாருங்க என்று வழி சொல்லிக்கொண்டே கூட நடந்தாள். நடுவில் துரை பழக்கதோஷத்தில் துடுப்பை எடுத்து இரண்டு போடு போட்டார். ஒன்று பின்னால் வந்தவன் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

அக்கரையில் இறங்கி, துரை வெகுநேரம் ரைட்டரிடம் பேசினார். சென்றாயன் தோளைப் பிடித்தபடி சேற்றில் உட்கார்ந்திருந்தான். பேச்சு முடிந்ததும் ரைட்டர் வந்தார்.

"உன் வேலைக்கு ஒண்ணும் பழுதில்ல. தண்ணியில போனா துரைக்குத் தலை சுத்துமாம். இத்தனை வருஷமா வெளியில சொல்லாம இருந்தாராம். இனி எப்பவும் இப்படியே போகணுமாம்."

சென்றாயன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "ஏரியில தண்ணி வந்துட்டா என்னங்க பண்றது?"

"வத்த வெக்கச் சொல்றாரு," என்றார் ரைட்டர்.