மூன்று பாக்கெட் கனம்

கனம் இல்லாதவர்களுக்கு அரசு மாதந்தோறும் ஆளுக்கு ஒரு பாக்கெட் கனம் கொடுத்துவந்தது. ரேஷன் கடையில் பாமாயிலுக்குப் பக்கத்திலேயே அதையும் அடுக்கி வைத்திருப்பார்கள். மோரில் கலக்கிக் குடித்தால் மாதம் முழுவதும் கால் தரையில் நிற்கும். நிலம், வீடு, நகை என்று எதையாவது வைத்திருப்பவர்களுக்குக் கனம் தன்னால் ஊறிக்கொள்ளும் என்பதால் அவர்கள் இந்த வரிசைக்கு வருவதில்லை. முள்ளக்குளத்தில் பாதி ஊருக்கு மேல் வரிசையில்தான் நின்றது.

மாதக் கடைசியில் கனம் தேய ஆரம்பிக்கும். நடந்தால் குதிகால் தரையில் படாது. அந்த நாட்களில் பெண்கள் இடுப்பில் அம்மிக்குழவியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஆண்கள் டீக்கடை பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். முதல் தேதி பிறந்ததும் குழவி அம்மிக்குத் திரும்பிவிடும், பெஞ்சும் காலியாகிவிடும்.

போன வருஷம் தலைநகரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. வந்தது மாதத்தின் முதல் வாரம். தெருத் தெருவாகப் போய்ப் பார்த்தார்கள், மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டார்கள், சாயங்காலம் கிளம்பிவிட்டார்கள். பயனாளிகள் எல்லோரும் தரையில் உறுதியாக நிற்கிறார்கள், ஆகையால் அவர்களுக்குக் கனம் தேவைப்படவில்லை என்று அறிக்கை வந்தது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு பாக்கெட் என்று ஆயிற்று. வரப்போகும் சித்திரையிலிருந்து அதுவும் ஒன்றாகும் என்று கடை வாசலில் ஒட்டினார்கள்.

ஜெயக்கொடியின் வீட்டில் மூன்று பேர். அவள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டப் போகிறவள். புருஷன் சீனிச்சாமி தையல்காரன். மகள் மாரிச்செல்வி பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டே பாக்கெட் வந்த அன்று மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். மாரிச்செல்வி மேலே போனால் பரீட்சை எழுத முடியாது, பரீட்சை ஹாலில் ஃபேன் ஓடும். ஜெயக்கொடி மேலே போனால் கூலி நின்றுவிடும்.

“காஜா எடுக்குறது, ஹூக் வைக்குறதெல்லாம் மேல இருந்தே செய்யலாம்” என்றான் சீனிச்சாமி. அன்றைக்கு மோரை வெறும் மோராகக் குடித்தான். மறுநாள் விடிவதற்குள் அவன் முதுகு ஓட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கனமே குடிக்காத உடம்பை அம்மிக்குழவி கட்டியும் இறக்க முடியவில்லை.

அவனுக்குச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுத் தொரட்டிக் கம்பில் மாட்டி உயர்த்திக் கொடுப்பாள் ஜெயக்கொடி. ஊசி தவறி விழுந்தால் மாரிச்செல்வி எடுத்து நீட்டுவாள். அங்கிருந்து பார்த்தால் குழம்பில் எத்தனை கத்தரிக்காய் கிடக்கிறது என்றுகூடத் தெரிகிறது என்று சீனிச்சாமி பெருமையடித்துக்கொள்வான். எல்லாம் பழகிவிட்டது. வாசலுக்குத்தான் அவனால் போக முடியவில்லை. வாசலுக்கு மேலே ஓடு இல்லை.

சித்திரையில் ஒரே பாக்கெட் என்றால் இன்னொருவரும் மேலே போக வேண்டும். சீனிச்சாமி இருந்த இடத்திலிருந்தே ஓடுகளைத் தட்டிப் பார்த்தான். நாலு மாதத்தில் ஒவ்வோர் ஓடும் அவனுக்கு அத்துப்படியாகியிருந்தது.

“ஒரு ஆளைத் தாங்கும். ரெண்டு பேரு முட்டினா நடு ஓடு கழண்டுரும், கொடி.”

ஓடு கழன்றால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. மேற்குத் தெருவில் அப்படிப் போன குடும்பம் இன்னும் திரும்பியிருக்கவில்லை. ஜெயக்கொடிக்குப் பயத்தைவிடக் கோபம் சீக்கிரமாக வரும். கோபம் வந்தால் நன்றாக வேலை செய்வாள்.

அவள் முள்ளக்குளம் கனம் பெறுவோர் சங்கத்தின் செயலாளர். ஏற்கெனவே மூன்று தடவை தலைநகருக்குப் போய் வந்திருந்தாள். அங்கே அரசு வேலையெல்லாம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் நடந்தது. தரைத்தளத்தில் மனுவை வாங்கி முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். முடிவெடுக்கும் நிதிச் செயலாளர் ஒன்பதாம் மாடியில் இருந்தார். ஒன்பதாம் மாடிக்கு லிஃப்டில் ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். அனுமதிச் சீட்டை ஒன்பதாம் மாடியில் கொடுத்தார்கள்.

மூன்றாம் தடவை திரும்பும்போது, உள்ளே கொண்டுபோகக் கூடாதவை என்று வாயிற்கதவில் எழுதிப் போட்டிருந்த பலகையை ஜெயக்கொடி நிதானமாக வாசித்தாள். ஊர் வந்து சேரும்வரை அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“என்ன சிரிப்பு?” என்று மேலேயிருந்து கேட்டான் சீனிச்சாமி.

“அங்க ஒரு போர்டு வச்சுருக்காங்க. உள்ள கல்லுக் கொண்டுபோகக் கூடாதாம்.”

“சரியாத்தான போட்டுருக்கான்.”

“ரொம்பச் சரியாப் போட்டுருக்கான்.”

பங்குனி மாதக் கடைசியில் சங்கத்துப் பெண்கள் ஒரு பஸ் நிறையக் கிளம்பினார்கள். எல்லோர் இடுப்பிலும் குழவி இருந்தது. சேலைக்கு உள்ளே பேன்ட் போட்டு, கொசுவத்தைக் கணுக்காலோடு ஊக்கு குத்தியிருந்தார்கள். சங்கத்துப் பொருளாளர் ரோஸ்லின் அக்கா கிணற்றுக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் மேட்டில் ஏறும்போது ரொம்பவும் திணறியது. கண்டக்டர் குழவிகளுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டார்கள்.

வாயிற்கதவில் இருந்த காவலர் கடமையில் கண்ணாக இருப்பவர்.

“கல்லெல்லாம் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா. கீழ வச்சிருங்க.”

“நீங்க சொன்னாச் சரிண்ணே. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிருங்க” என்று ஜெயக்கொடி கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தாள். மறுநுனிவரை பெண்கள் வரிசையாகக் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டார்கள். பிறகு குழவிகளை அவிழ்த்து, அடுத்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் மதிலோரமாக வைத்தார்கள். உடனே ஒவ்வொருவராக மேலே கிளம்பினார்கள். கயிற்றைப் பிடிக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. ஆகவே காவலர் பிடித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் மாடியில் ஓர் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊறுகாய் எப்படி இருக்கிறது என்று ரோஸ்லின் விசாரித்தாள். கொஞ்சம் உப்புக் கூடுதல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சாம் மாடி வந்துவிட்டது.

ஒன்பதாம் மாடியில் நிதிச் செயலாளர் ஜன்னல் கொண்டியை நீக்கினார். மூக்குக்கண்ணாடி போட்ட, ஒடிசலான மனிதர். மரியாதை தெரிந்தவர்.

“மனுவைத் தரைத்தளத்தில்தான் கொடுக்கணும்.”

“மூணு தடவை கொடுத்துட்டோம் சார். நாங்க கனம் வாங்குறவங்க. சித்திரையில இருந்து வீட்டுக்கு ஒண்ணுதான்னு போட்டுருக்கீங்க. ஆளுக்கு ஒண்ணு திரும்ப வேணும்.”

செயலாளர் மேசையிலிருந்த ஆய்வறிக்கையைப் புரட்டினார். அறிக்கையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். மறுபடி அறிக்கையைப் பார்த்தார்.

“பயனாளிகள் எல்லோரும் தரையில் நிற்கிறார்கள் என்று இதில் இருக்கிறது. நீங்கள் தரையில் இல்லை. அதனால் நீங்கள் பயனாளிகள் இல்லை.”

“சரி சார்” என்றாள் ஜெயக்கொடி. “பயனாளி இல்லாத நாங்க இங்கனக்குள்ளயே இருக்கோம். எங்களுக்கு ஒண்ணும் கால் வலிக்கப்போறதில்ல.”

அவளுக்குப் பொறுமை அதிகம் கிடையாது. அன்றைக்கு மட்டும் நிறைய இருந்தது. முன்பே சொல்லி அனுப்பியிருந்த மற்ற மாவட்டச் சங்கங்களின் பஸ்கள் வந்துகொண்டிருந்ததை அவள் இருந்த உயரத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் பெண்கள் இறங்கினார்கள். காவலர் ஒவ்வொருவரிடமும் கல்லைக் கீழே வைக்கச் சொன்னார், ஒவ்வொரு கயிற்றையும் வாங்கிக்கொண்டார். கை கடுத்ததும் எல்லாவற்றையும் போர்ட்டிகோ தூணில் கட்டினார். தூண் நிறைந்ததும் அடுத்த தூணில் கட்டினார். மத்தியானத்துக்குள் கட்டடத்தைச் சுற்றி எல்லா மாடி ஜன்னல்களிலும் முகங்கள் இருந்தன. மதிலோரம் குழவிகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிட்டன.

செயலாளரின் டீ ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் கோப்பையை நேராக வைத்தார். அது மறுபடி சரிந்தது. தொலைபேசி அடித்தது. வாசற்படிக்கும் தரைக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம் இடைவெளி விழுந்துவிட்டது, சாப்பிடப் போனவர்கள் உள்ளே வர ஏணி கேட்கிறார்கள் என்று கீழேயிருந்து சொன்னார்கள். முந்தைய ஆண்டுச் சிக்கன நடவடிக்கையில் கட்டடத்தின் அஸ்திவாரத்தையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அந்த ஆணையிலும் அவருடைய கையெழுத்துதான் இருந்தது.

“இப்ப நீங்களும் தரையில இல்ல சார்” என்றாள் ஜெயக்கொடி. கேலியாகச் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு விஷயம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே எட்டித் தரையைப் பார்த்தார். அது முன்பிருந்த இடத்தில்தான் இருந்தது.

“உங்கள் வீட்டில் யார் மேலே இருக்கிறார்கள்?”

“எங்க வீட்டுக்காரரு. அவரு வாசலுக்கு வந்து நாலு மாசமாச்சு சார்.”

செயலாளர் ஒரு தாளை எடுத்து, ஆளுக்கு ஒரு பாக்கெட், குறைப்பு எதுவும் இல்லை என்று ஆணை எழுதினார். கையெழுத்துப் போட்டபின், மேற்படிக் கட்டடத்துக்கும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். கட்டடத்தை எந்தக் கடையில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“எங்க கடையிலயே போட்டுக்கிருங்க சார். அளவு சரியா இருக்கும்” என்றாள் ஜெயக்கொடி.

காவலர் ஒவ்வொரு கயிறாக, கிணற்றில் வாளி இழுப்பதுபோல இழுத்துப் பெண்களை இறக்கினார். அவரவர் குழவியை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ரோஸ்லின் காவலருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

சித்திரை முதல் நாள் ஜெயக்கொடி கடைக்குப் போனபோதே தெருவில் பாதிப் பேர் வரிசையில் இருந்தார்கள், அவள் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். பத்து மாடிக் கட்டடம் பையும் கையுமாக வந்து நின்றது. அவ்வளவு தூரம் வந்ததில் அதன் ஏசி பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கடைசி ஆளு நீங்கதானா?” என்று கட்டடம் கேட்டது.

“ஆமா. எனக்குப் பின்னாடி நில்லுங்க.”

கடைக்காரர் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “அரசாங்கக் கட்டடம்க்கா. அதுக்கு முதல்ல குடுத்துருவோம்.”

அதற்கு முதலில் கொடுத்தால் கடையில் ஒரு பாக்கெட்கூட மிஞ்சாது. ஜெயக்கொடி அசையவில்லை. “வரிசைன்னா வரிசைதான். அது புதுசாச் சேந்த பயனாளி. இந்தத் தெருக்காரங்க அம்புட்டுப் பேரும் வாங்கட்டும், மிச்சத்தை அதுக்குக் குடுங்க.”

கட்டடம் தனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் வழி விட்டு வரிசையின் கடைசிக்குப் போனது.

மூன்று பாக்கெட்டோடு அவள் வீட்டுக்கு ஓடினாள். மூன்று தம்ளரில் மோர் கலக்கினாள். ஒன்றைத் தூக்குவாளியில் ஊற்றித் தொரட்டியில் உயர்த்தினாள். சீனிச்சாமி ஒரே மூச்சில் குடித்தான். ஓட்டிலிருந்து முதுகு பிரிந்தது. பாதம் தரையைத் தொட்டதும் தள்ளாடி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான். ஜெயக்கொடிக்குக் கண் நிறைந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மாரிச்செல்வி அப்பாவின் சட்டையில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள்.

வெளியே நிழல் விழுந்தது.

“யாரு?” என்றான் சீனிச்சாமி.

“தலைநகர்லருந்து வந்த கட்டடம். மோருல கலக்கிக் குடிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லல போல. பாக்கெட்டை வச்சுக்கிட்டு நிக்குது.”

“பாவம்” என்றான் சீனிச்சாமி. அண்டாவில் மிச்சமிருந்த மோரைச் செம்பு நிறைய மொண்டுகொண்டு வாசலுக்கு நடந்தான். வாசலுக்கு மேலே ஓடு இல்லை. அவன் நின்றான்.

“உப்புப் போட்டிருக்கு, பாத்துக் குடிங்க” என்று செம்பை நீட்டினான்.

கட்டடம் குனிந்து வாங்கிக்கொண்டது.