ஐம்பது நிமிடக் குளிர்

ஃபென்விக்கின் சாராயக்கடையில் ஒரு வெள்ளிக் கோப்பை இருக்கிறது. அதில் என் பெயர் பொறித்திருக்கிறது. சனிக்கிழமையானால் குடிகாரப் பயல்கள் அதில் பீர் ஊற்றி, வாய் மாற்றி வாய் வைத்துக் குடிப்பார்கள். "குடிடா கட்பர்ட், உன் கோப்பைதானே" என்று என்னிடமும் நீட்டுவார்கள். நான் வாய் வைக்காமல் அடுத்தவனிடம் தள்ளிவிடுவேன்.

இங்கிலாந்தில், எங்கள் டைன் ஆற்றில், எனக்கும் ஹெஸ்லப் என்ற இன்னொரு படகோட்டிக்கும் நடந்த படகுப் போட்டிக்குக் கிடைத்தது அது. ஆளுக்கொரு ஒற்றையாள் படகு, பாலத்திலிருந்து ஸ்காட்ஸ்வுட் வரை. மார்ச் மாதம். பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்த ஹெஸ்லப், வராவிட்டால் தோற்றதாக எழுதிவிடுவார்கள் என்று படுக்கையிலிருந்து எழுந்து வந்திருந்தான்.

என் மேல் பந்தயம் கட்டியிருந்த ஃபென்விக், குளிர் ஏறாமலிருக்க என் முதுகில் ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்துக்கொண்டே காதில் சொன்னான்.

"அவன் உதட்டப் பாத்தியா? நீலம் பாரிச்சிருக்கு. சட்டுனு கெளம்பிடாத."

"என்ன சொல்றீங்க மொதலாளி?"

"ஒரு மணி நேரம் வரைக்கும் நடுவர் வாயத் தொறக்க முடியாது. உக்கார வை. நல்லா நனையட்டும்."

"காய்ச்சக்காரனாச்சே அவன்!"

"அதாண்டா சொல்றேன். பழையபடி நெலக்கரிப் படகுக் கூலிக்கே திரும்பிப் போற ஆசையிருந்தா இப்பவே சொல்லிடு."

எனக்கு அந்த ஆசை இல்லை. என் யோக்கியதை அவ்வளவுதான்.

எங்கள் போட்டிக்குத் துப்பாக்கியும் கிடையாது, கொடியும் கிடையாது. படகுகளைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவோம். ஒருவன் துடுப்புப் போட்டதும் மற்றவனும் கூடவே போட்டால்தான் தொடக்கம். இல்லையென்றால் திரும்பி வந்து மறுபடி நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தால்தான் நடுவர் தலையிடுவார். எந்த நொடியிலும் கிளம்பலாம் என்பதால் கோட்டு போட்டுக்கொள்ளவும் வழியில்லை, மெல்லிய பனியன்தான்.

ஹெஸ்லப் போட்டான். நான் போடவில்லை. நாலு இழுப்புப் போனவன் திரும்பி வந்தான். அடுத்தமுறை துடுப்பை நீரில் வைத்து, கை வழுக்கியவன்போல நிறுத்தினேன். இப்படியே பதினேழு தடவை. நடிப்பில் ஒரு குறையும் இல்லை, எனக்கே தெரியும்.

"என்னடா, ரெண்டு பேரும் அடைகாக்கறீங்களா?" என்று பாலத்திலிருந்து ஒருவன் கத்த, ஆற்றங்கரையே சிரித்தது. போட்டி பார்க்கப் பின்னால் நின்ற நீராவிக் கப்பலில் கனவான்கள் கறிப்பணியாரம் தின்று விரலை நக்கினார்கள். ஹெஸ்லப் இருமிக்கொண்டே இருந்தான்.

ஐம்பதாவது நிமிடத்தில் அவன் விரல்கள் துடுப்பை மூடிப் பிடிக்க மறுத்தன. அப்படியும் அவன் துடுப்புப் போட்டான்; இந்த முறை நானும் கூடவே போட்டுக் கிளம்பினேன். இருபது படகு நீளத்தில் ஜெயித்தேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஆடியது. ஃபென்விக் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், சாராய நாற்றத்தோடு.

ஒன்பதாம் நாள், நான் செய்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஹெஸ்லப் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தான். தலையணைப் பக்கத்தில் ரத்தக் கறை படிந்த துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"கட்பர்ட், நானே ஆளனுப்பணும்னு இருந்தேன். மன்னிச்சிருப்பா."

"எதுக்கு?"

"காய்ச்சல்ல எனக்குக் கணக்கே பிடிபடல. உன்னோட சேந்து ஒரு தடவகூட ஒழுங்காத் துடுப்புப் போட முடியல. என்னால உன்னையும் அந்தக் குளிர்ல அவ்வளவு நேரம் உக்கார வச்சுட்டேன்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவால்ல, விடுப்பா" என்றேன்.

அவன் கையை நீட்டினான். பிடித்துக் குலுக்கினேன். அவன் மனைவி ஹன்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்குப் பெரிய மனசுங்க" என்று சொல்லி, கல்லில் சுட்ட திராட்சை ரொட்டியில் வீட்டிலிருந்த வெண்ணெயையெல்லாம் தடவிக் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாவதற்கு ஆறு நாள் இருந்தது.

இரண்டு துண்டு தின்றேன்.