கை வைக்காத குவியல்

விடிவதற்குள் நான்கு லாரிக் குப்பையைப் பிரித்து முடித்துவிட்டு, ஆறரை மணிக்கு எடைமேடைக் கொட்டகையில் கூடினோம். இருந்தவர்கள்: வாசற்படியில் என் அண்ணி, கவிழ்த்த டிரம்மின் மேல் பாட்டில் பிரிக்கும் மாமா, சுவரோரம் தகரம் பிரிக்கும் பெண்கள் ஆறு பேர், மற்றவர்கள் தரையில். இருந்த ஒரே நாற்காலியில் குப்பை மேட்டைக் குத்தகைக்கு எடுத்த முதலாளி. நான் கதவோரம், மடியில் எழுத்து அட்டையோடு.

எல்லோருடைய விரல்களும் ஊறி வெளுத்திருந்தன. மழையில் நனைந்த குப்பை மேலே சில்லிடும். கையை உள்ளே விட்டால் சுடும். ஒரு மணி நேரம் போனால் இரண்டும் தெரியாது.

நடுவில் தார்ப்பாய் விரித்து, எங்கள் நாற்பது வீட்டின் ஒரு நாள் குப்பையைக் கொட்டியிருந்தோம். மூன்றே சாக்கு. ஏரிக்கரையை விட்டு எங்களைக் கிளப்பப் போகிறார்கள் என்ற செய்தி முந்தின நாளே காதுக்கு வந்துவிட்டது. ஏரியைக் கெடுப்பது யார் என்று அதிகாரியே வந்து பார்க்கட்டும். அதுவரை யாரும் இதில் கை வைப்பதில்லை என்று பேசியிருந்தோம்.

முதலாளி காகிதத்தைப் பிரித்தார்.

"நாப்பது வீடு, இருநூத்திப் பன்னெண்டு பேரு. நீங்க வந்தப்ப அறுபது பேருதான். ஜனம் பெருகித்தான் ஏரி செத்துப்போச்சுன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. பதினஞ்சு நாள்ல காலி பண்ணுங்க."

"பெருகினோம், இல்லேங்கல," என்றார் மாமா. "ஊரும்தானே பெருத்துச்சு? அப்ப தினம் மூணு லாரி, இப்ப முப்பது. அத்தனையும் எங்க வீட்டுக் குப்பையா, முதலாளி?"

"அதுக்காக ஊரைக் காலி பண்ணச் சொல்வாங்களாய்யா?"

"இருநூத்திப் பதினொண்ணு," என்றாள் அண்ணி.

"என்னம்மா?"

"எங்க வீட்டுல மூணு இல்ல. ரெண்டு."

மேடு சரிந்து அண்ணன் உள்ளே போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணி இன்னும் அழவில்லை. நானும்தான்.

"இது பழைய கணக்கும்மா," என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் தார்ப்பாயைப் பார்த்தோம். தகரம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், காகிதம், கந்தல், செருப்பு, ஈயத்தாள் எல்லாம் தனித்தனியாக இருந்தன. நடுவில் இரண்டு கைப்பிடிச் சாம்பல். மூன்று சாக்கையும் பேச்சோடு பேச்சாகப் பிரித்து முடித்திருந்தோம்.

"யாருடி கை வெச்சது?"

யாருக்கும் தெரியவில்லை. என் காலடியிலேயே பாட்டில் மூடிகள் வரிசையாக இருந்தன.

"நோட்டீஸ நம்ம கைக்குத்தான்டா குடுக்கணும்!" என்றார் மாமா. சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம குப்பையைக் காட்ட வேணாம்," என்றாள். "லாரி கொட்டுறதைக் கொட்டட்டும். யாரும் பிரிக்க வேணாம். ஊருக் குப்பை எவ்வளவுன்னு அப்படியே கெடக்கட்டும். ஆபீஸ்காரங்க வந்து பார்க்குற வரைக்கும்."

"எத்தனை நாளும்மா? கை சும்மா இருக்குமா?" என்றார் மாமா.

அண்ணி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அடுத்தவளின் கையைப் பிடித்தாள். சுவரோரத்துப் பெண்கள் தொடங்கித் தரையில் இருந்தவர்கள் வரை கைகோத்துக்கொண்டோம். அதிகாரிக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்ததால் எனக்கு வலது கையை விட்டுவிட்டு, இடது கையை மாமா பிடித்துக்கொண்டார்.

இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு எழுதினேன். 'ஐயா, வணக்கம். நாங்கள் இருநூற்றுப் பதினொரு பேர். எங்கள் குப்பை நாளொன்றுக்கு மூன்று சாக்கு. மீதியைத் தாங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும். வரும்வரை இங்கே எதையும் தொட மாட்டோம்.' அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. ஒவ்வொருவராகக் கையை விடுவித்துக் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டு, திரும்பி வந்து பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே ஐந்தாவது லாரி கொட்டியது. யாரும் எழவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, எல்லாரும் போட்டோவுக்கு உக்காந்திருக்கீங்களா?"

"தம்பி, இதைத் தபால்ல போட்டுடு," என்றாள் அண்ணி. உறையில் பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். ஒட்டியதா என்று விரலுக்குத் தெரியாததால் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

ஒட்டியிருந்தது. டிரைவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலி லாரி கடிதத்தோடு ஊருக்குள் திரும்பியது.