காற்றில் நின்ற கைகள்

தக்காளி விலை இறங்கிய வாரத்தில், ஊரில் யார் கையை அசைத்தாலும் அந்த அசைவு கால் மணி நேரம் காற்றிலேயே நின்றது. கொசு விரட்டிய கைகளும் டாட்டா காட்டிய கைகளும் சாம்பல் நிறத்தில் தெருவெங்கும் தொங்கின. மூன்றாம் நாளே ஜனங்களுக்குப் பழகிவிட்டது. நான்காம் நாள் அவற்றை வைத்து ஆளை எடைபோட ஆரம்பித்தார்கள். மணிக்கட்டு துவண்டிருந்தால் அவன் ஆம்பளையைத் தேடுகிறவன் என்று டீக்கடையில் முடிவாயிற்று. யார் கண்டுபிடித்தது என்று கேட்க ஆளில்லை.

லேத் பட்டறையில் இரும்பு கடையும் டர்னருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பதினோரு வருடமாக அவர் ஒரு கம்பவுண்டரோடு ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறார். கேட்பவர்களிடம் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிவைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியிலேயே கையை விறைப்பாக வைத்துக்கொள்ளப் பழகியவர்தான். ஆனாலும் பழக்கம் எப்போது காலை வாரும் என்று யார் கண்டது?

முதலாளியின் மைத்துனர் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு, ஒவ்வொருவரையும் கையசைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். டர்னரின் அசைவு கம்பிபோல் விறைத்து நின்றது. அவருக்குப் பின்னால் வந்த வெல்டரின் அசைவு கொடியாக வளைந்தது. மூன்று பிள்ளை பெற்ற வெல்டரை அப்போதே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் வெல்டரின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"பதினாலு வருஷம் குடும்பம் நடத்துன எனக்குத் தெரியாதது, உங்க நாற்காலிக்குத் தெரிஞ்சுபோச்சா?"

ஆளாளுக்குத் தங்கள் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டர்னரும்தான். அந்த வெட்கம் பயத்தை மிஞ்ச இரண்டு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் மைத்துனரிடம் போய், "அவர் இல்லங்க, நான்தான்" என்றார்.

மைத்துனர் அவர் கையைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு யார்கிட்ட கதை விடுறீங்க? போய் வேலையப் பாருங்கண்ணே."

சனிக்கிழமை ஷிப்ட் விடும் நேரத்துக்கு டர்னர் கம்பவுண்டரைப் பட்டறை வாசலுக்கு வரச்சொன்னார்.

"உயிரே போகுது" என்றார் டர்னர்.

"எனக்கு மட்டும் என்னவாம்" என்றார் கம்பவுண்டர்.

அத்தனை பேரும் பார்க்க, டர்னர் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும், முதுகில் எப்போது கல் விழும் என்ற நடுக்கத்தோடு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

அந்த அசைவு கால் மணி நேரத்தில் கலையவில்லை. மைத்துனரின் நாற்காலி உள்ளே போயிற்று. திங்கட்கிழமை வெல்டர் வேலைக்குத் திரும்பினார். டர்னரின் லேத்துக்கு வேறு ஆள் வந்தார். அந்த இரண்டு கைகளும் இன்னும் வாசலில் நிற்கின்றன. சரக்கு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் ஒடித்து ஓட்டுகிறார்கள்.