அப்பப்பா போடாத ஜாக்கெற்

பணக்காரப் பிள்ளைகளுக்குக் கிறுக்குப் பிடித்தால் அது முதலில் உடுப்பில்தான் பிடிக்கும். மியூனிக்கில் வணிகம் படிக்கிற மாணவர்களுக்கு அந்த வருடம் பிடித்தது இங்கிலாந்துக் கிறுக்கு. மெழுகு பூசிய பச்சை ஜாக்கெற், உள்ளே கட்டம் போட்ட துணி, பொத்தானில் ‘வெதர்லி’ என்ற பெயர். குதிரை வளர்க்கிற இங்கிலாந்துக் கனவான்கள் மழைக்குப் போடுகிற சாமானாம். இவர்களிடம் குதிரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் விரிவுரை மண்டபத்திலிருந்து கன்ரீனுக்கு நடக்க அது வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு கூத்து. புதிதாக வாங்கிப் போட்டால் மரியாதை போய்விடும். தாத்தா போட்டு, தகப்பன் போட்டு, முழங்கை கிழிந்து, நாய் மணத்தோடு கைக்கு வந்ததாக இருக்க வேண்டும். ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பழைய குடும்பம் என்று கணக்கு.

ஜெசிந்தனுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பிடிபட்டது. மன்னாரிலிருந்து அகதிகளாக வந்த ஸ்ரனிஸ்லாஸுக்கும் கொறற்றிக்கும் அவன் ஒரே பிள்ளை. அவனுக்கு வேண்டியதெல்லாம் பென்ஜமின் தலைவனாக இருக்கிற மாணவர் கழகத்தில் ஓர் இடம். அதில் சேர்ந்தவர்களுக்கு லண்டன் வங்கிகளின் கதவு தானாகத் திறக்கும் என்று பேச்சு. இந்த வருடம் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். சனிக்கிழமை ஏரிக்கரையில் உலாவப் போகும்போது ஆளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதை நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ரோசன்ஹைமில் ஒரு பென்சன்காரரிடம் பழைய வெதர்லி விலைக்கு வந்தது. போனில் பார்த்த உடனே போய் வாங்கினான். வலது முழங்கையில் கோழிமுட்டை போகிற அளவுக்கு ஓட்டை. அடுத்த நாள் பென்ஜமினின் தோழி யூலியா அந்த ஓட்டையை மரியாதையோடு பார்த்து, “யாருடையது?” என்று கேட்டாள்.

“என் தாத்தாவுடையது. ஒரு ஆங்கிலத் தேயிலைத் தோட்டத் துரை கொடுத்தது.”

வாய் கூசாமல் சொன்னான். அவனுடைய அப்பப்பா மன்னார்க் கடலில் வலை இழுத்த மனிதர். கோயிலுக்குப் போகிற நேரம் தவிர மேலில் சட்டை போட்டதில்லை. அந்த வெயிலில் மெழுகு ஜாக்கெற் போட்டிருந்தால் அன்றைக்கே ஆள் உருகிப் போயிருப்பார்.

வீட்டில் கொறற்றியின் கண் அதில் பட்டது.

“ஆற்றை உடுப்படா இது?”

“என்ரைதான் அம்மா. பழசாத்தான் போடோணும். அதுதான் இப்ப மதிப்பு.”

“முழங்கை தெரியுது.”

“தெரியோணும்.”

கொறற்றி அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அவள் வாயை மூடினால் ஏதோ நடக்கப் போகிறது என்பது ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியும். மகனுக்குத் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிருக்கு அவள் போட்டது பங்குக்கோயிலில் கொடுத்த கோட். அதன் கொலரில் வேறு யாரோ ஒருத்தியின் பெயர் தைத்திருந்தது. தன் பிள்ளை இன்னொருத்தர் கழித்த உடுப்பைப் போடக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் சத்தியம் பண்ணியவள் அவள். ஆஸ்பத்திரிச் சமையலறை வேலை முடிந்ததும் நேரே நகரத்துக்குப் போய், பொத்தானில் அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்து, புத்தம் புது வெதர்லி ஒன்றை வாங்கி வந்தாள். மாதா படத்துக்கு முன்னால் வைத்து, அதன்மேல் சிலுவை அடையாளமும் போட்டாள்.

சனிக்கிழமை காலை ஜெசிந்தன் எழும்பியபோது கதிரையில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அம்மா, என்ரை ஜாக்கெற் எங்கை?”

“அந்தப் பழசோ? கீழை பழைய உடுப்புப் பையோடை வைச்சிட்டன். இண்டைக்குப் பழசு சேக்கிற ஆக்கள் வந்து ஏத்துவினம். இதைப் போடு, பாப்பம்.”

அவளுடைய முகம் பூரித்துக் கிடந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கத்த அவனால் முடியவில்லை. போட்டான். அசைந்தபோதெல்லாம் அது சரசரவென்று ஊருக்கே கேட்கச் சத்தம் போட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹோர்ன் அடித்தது. ஊபான் ரயில் நிலையத்தில் நில்லுங்கள் என்று எத்தனை தரம் சொல்லியும் பென்ஜமினும் யூலியாவும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

யூலியா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “தாத்தாவின் ஜாக்கெற் எங்கே?”

“அம்மா தெரியாமல் பழைய உடுப்போடு வெளியே வைத்துவிட்டார்.”

“குடும்பச் சொத்து” என்றான் பென்ஜமின். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நடைபாதையில் முழுக் கட்டடத்தின் பைகளும் வரிசையாக இருந்தன. ஜெசிந்தன் தடுக்கும் முன்பே இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஒவ்வொரு பையாக அவிழ்த்துக் கிண்டத் தொடங்கினார்கள்.

மேலே ஜன்னலடியில் நின்ற கொறற்றி கண்டது இதைத்தான்: நரைத்துப் போன கிழிசல் உடுப்போடு இரண்டு இளம் பிள்ளைகள், காலங்காத்தால தெருவில் பழைய உடுப்புக் கிண்டுகிறார்கள். ஸ்ரனிஸ்லாஸின் நல்ல கம்பளிச் சுவெற்றரையும் சுடச்சுட ஒரு தட்டு இறைச்சி றோல்ஸையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடி வந்தாள். தட்டை யூலியாவின் கையில் திணித்தாள். சுவெற்றரைப் பென்ஜமினின் தோளில் போட்டாள்.

“தம்பி, உதுகளுக்கு ஒருத்தரும் இல்லையோ?” என்று மகனைக் கேட்டாள்.

“ஐயோ அம்மா, உவன்ரை தகப்பனுக்கு மூண்டு தொழிற்சாலை இருக்கு.”

கொறற்றி பென்ஜமினின் கையைப் பிடித்துத் திருப்பி, முழங்கை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். “தொழிற்சாலை இருந்து என்ன? இதைப் பாத்து ஒரு நூல் போட்டுவிட வீட்டிலை ஆளில்லையே.”

“என்ன சொல்கிறார்?” என்று பென்ஜமின் கேட்டான்.

விருந்தாளிக்குத் தகப்பனின் உடுப்பைக் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று ஜெசிந்தன் ஒரு போடு போட்டிருக்கலாம். பென்ஜமின் கண்கலங்கி நம்பியிருப்பான். இடமும் கிடைத்திருக்கும். பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா இன்னும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாவம் பார்ப்பதை வித்தையாக மாற்றி விற்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னான். ரோசன்ஹைம் பென்சன்காரர், சட்டை போடாத அப்பப்பா, இப்போது அம்மா சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

யூலியா தட்டை ஜெசிந்தனின் கையில் கொடுத்தாள். “பொய் சொன்னவனைக் கழகத்தில் எடுக்க முடியாது, பென்ஜமின்.”

“முடியாது” என்றான் அவன். “நீ காரை எடுத்துக்கொண்டு போ. நான் பிறகு வருகிறேன்.”

கார் போய்விட்டது. அதோடு இடமும் போய்விட்டது. ஜெசிந்தனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? லண்டனை அல்லவா யூலியா ஏற்றிக்கொண்டு போகிறாள். ஆனால் அங்கே நின்று அழவும் கொறற்றி விடவில்லை. இரண்டு பேரையும் மேலே கூட்டிப்போய்க் குசினி மேசையில் இருத்தினாள். பென்ஜமினின் ஜாக்கெற்றைக் கழற்றி வாங்கி, பச்சை நூல் தேடி எடுத்து, ஊசியில் கோத்தாள்.

ஸ்ரனிஸ்லாஸின் சுவெற்றர் பென்ஜமினுக்குத் தொளதொளவென்று இருந்தது. அவன் றோல்ஸைக் கடித்தபடி அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “பத்து வயதில் என்னை விடுதிப் பள்ளியில் விட்டார்கள்” என்றான். ஜெசிந்தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினான்.

“தைத்து முடிக்க எவ்வளவு நேரமாகும்?” என்று பென்ஜமின் கேட்டான்.

“கொஞ்ச நேரம்தான். அம்மா கெதியாகத் தைப்பார். நீ ஏரிக்கரைக்குப் போகலாம்.”

பென்ஜமின் தலையைக் குனிந்து மெல்ல ஏதோ சொன்னான்.

“என்னவாம்?” என்று கொறற்றி ஊசியை நிறுத்திக் கேட்டாள்.

“அவசரமில்லையாம், ஆறுதலாத் தைக்கட்டாம், அம்மா.”