கத்தாத பிரேக்

பந்தயம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணனின் சைக்கிளை வேனிலிருந்து இறக்கிய அவன் நண்பன் ஒல்லி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் பிடித்துப் பார்த்தான். சத்தமே இல்லை.

“என்னடா, உன் பிரேக் ஊரையே கூட்டுமே! இன்னைக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“பொறாமைப்படாதடா. வண்டிக்குப் பக்குவம் வந்துடுச்சு,” என்றான் அண்ணன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரமாக இவர்கள் செய்த கேலி பொறுக்காமல், நேற்று மாலை நான்தான் இரண்டு சக்கரத்தின் டிஸ்க் பிரேக் தட்டுகளிலும் செயின் எண்ணெய் அடித்தேன். சத்தம் போனதில் எனக்கு ஒரே பெருமை. கூடவே உராய்வும் போகும் என்று, இயற்பியல் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

பாதையின் முதல் பாதி ஏற்றம். அதில் பிரேக்குக்கு வேலையில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போதுதான் அவனுக்குத் தெரியவரும்.

தொடக்கக் கோட்டை நோக்கி நகர்ந்த அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“பிரேக்ல எண்ணெய் போட்டுட்டேண்ணா.”

“செயின்லதானே?”

“இல்ல. பிரேக்ல.”

ஒல்லியின் சிரிப்பு நின்றது. அண்ணன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி சைக்கிளை முன்னால் தள்ளினான். அது பாட்டுக்கு உருண்டது.

விசில் ஒலித்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்ற அண்ணனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“கத்தினா கத்திட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம்ல?” என்றான்.